சிவப்பு ஸ்டிக்கர்

வேலந்தாவளம் செக்போஸ்டில்
பிவிசி குழாயைத் தட்டிப் பார்த்து
"இதெந்தா?" என்றார்.
படம் என்றேன். விலை கேட்டார்.
சென்னையில் நான்கு நாளும்
அதே கேள்விக்குச் சிரித்துக்கொண்டே
பதில் சொன்னவள்
இங்கே உளறினேன்.

பதினொன்றில் இரண்டு போயிருந்தது.

ஓவியர் மாநாட்டில்
'வீடும் தூரிகையும்' என்று பேசச் சொன்னார்கள்.
மைக் கைக்கு வந்த நேரம்
பைக்குள் போன் அதிர்ந்தது:
மாவு புளிச்சிருச்சு, கொட்டிரட்டா?
பேசி முடித்து, கைதட்டல் ஓய்ந்த பிறகுதான்
அனுப்பினேன்:
கொட்டாதே. ஊத்தப்பம்.

கொழிஞ்சாம்பாறையில் இறங்க ஒன்பதரை.
திருமூர்த்தி பைக்கோடு நின்றான்.
குழாயைத் துப்பாக்கி மாதிரி
தோளில் மாட்டிக்கொண்டான்.
கனம் குறையவில்லையே என்று கேட்கவில்லை,
நானும் மாவைப் பற்றிக் கேட்கவில்லை.

கனிஷ்கா தூங்கிவிட்டாள்.
போன கண்காட்சியில் மீந்த
சிவப்பு ஸ்டிக்கர்களை
வீடெங்கும் ஒட்டியிருந்தாள்:
ஃபிரிட்ஜில், அப்பா ஹெல்மெட்டில்,
என் நைட்டி தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில்,
தன் தலையணையில் இரண்டு.
ஒட்டினால் விற்றாச்சு என்று அர்த்தம்,
அவளுக்குத் தெரியும்.
யாருக்கு, எவ்வளவுக்கு என்று
காலையில் கேட்க வேண்டும்.

ஈசலில் பாதியில் நிற்கும் படத்தில் மட்டும்
ஒன்றுமில்லை.
அதன் முன் கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு
மாவு இருக்கிறதா என்று
பார்க்கப் போனேன்.