மூலத்தில் இல்லை

புதுக்கடை நீதிமன்ற மதிலுக்கு எதிரே
போட்டோகொப்பிக் கடையின் மாடியில் என் மேசை.
சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்.
அரபியிலிருந்து தமிழுக்கு, பக்கம் ஆயிரத்து இருநூறு,
முத்திரைக்குத் தனி.

நிக்காஹ், தலாக், ஓட்டுநர் அனுமதி,
ஒருமுறை ஓர் ஒட்டகத்தின் தடுப்பூசி அட்டை.
இன்று நஸ்லிம் கொண்டுவந்தது தீர்ப்பு.
மட்டக்குளியில் த்ரீவீலர் ஓட்டுகிறவன்.
சாவியைக் கையிலிருந்து கீழே வைக்கவேயில்லை.

தங்கச்சி ஸுஹைமாவுக்கு நூறு.
ஐந்து தவணை, இடையில் பத்துப் பத்து நாள்.
தவணை என்றதும்
வண்டி லீசிங்கைச் சொல்கிறேனென்று நினைத்தான்.

பக்கத்து மேசையில் காணி உறுதி எழுதும்
ஷிஹாப்தீன் ஹாஜியார் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"அல்லாஹ்ட சட்டம். நாம என்னத்தச் சொல்ல ஏலும்?"
பிறகு, யாரும் கேட்காமலே,
"அடிக்கிறவன்ட கக்கத்துல கிதாபு ஈக்கணும், விழப்படாது.
வலிக்கிறதுக்கில்ல அது. வெக்கத்துக்கு."

இஃப்ஹாம் டைப் பண்ணுவதை நிறுத்தினான்.
"நாலு பேர் கண்ணால கண்டீக்கணும் ஹாஜி.
ஒரு வீட்டுக் குசினியில நாலு சாட்சி எங்கால?
பஞ்சத்துல களவுக்குக் கை வெட்டாம நிறுத்தின கலீபாவப் பத்தி
ஜும்ஆவுல நீங்களும் கேட்டதானே."
"அது பஞ்சம்."
"இல்லாட்டி இவ ஏன் போனா?"

கையெழுத்துக்கு வந்த ருவைதா, சட்டத்தரணியின் கிளார்க்,
படியில் நின்றபடியே சொன்னாள்:
"அந்தக் காலத்துக்கு அது இரக்கம்.
இரக்கம் அங்கயே நிண்டுட்டா?"
"கிதாபத் திருத்தப் போறீங்களோ?" என்றார் ஹாஜியார்.
அவள் பைக்குள் ஏதோ ரசீதைத் தேடத் தொடங்கினாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கு ஐந்து வேளைத் தொழுகையுண்டு.
அந்த வசனம் மனப்பாடம்;
மத்ரஸாவில் ஓதி ஒரு தண்ணீர்ப் போத்தல் பரிசு வாங்கினேன்.
"இரக்கம் உங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்"
என்ற இடத்தில்
எனக்கு எப்போதும் மூச்சுப் போதாது.

ஹாஜியார் எழுந்தார்.
உறுதிக் கோவையைக் கக்கத்தில் இடுக்கினார்.
அடிமட்டத்தை எடுத்து
"பாருங்க, இவ்வளவுதான்" என்று மேசையில் ஒன்று.
பிளேன்டீ துள்ளி யாரோ ஒருவரின் காணியில் சிந்தியது.
கோவை விழவில்லை.
இன்னொன்று. இன்னொன்று.
ஏழாவதில்
நஸ்லிம் எண்ணிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் கேட்டது.

அடிமட்டத்தை லாச்சிக்குள் வைத்து மூடினார்.
பர்ஸிலிருந்து ஓர் ஐயாயிரம்
நஸ்லிமின் சட்டைப் பைக்குள் போனது.
"சட்டம் சட்டம்தான்" என்றார்,
ஜன்னலைப் பார்த்து.

எனக்கு வேறு தொல்லை.
பிரம்படி என்றெழுதினால்
பள்ளிக்கூடத்தில் நாமும் வாங்கியதுதானே என்பார் ஹாஜியார்.
கசையடி என்றால்
அமைச்சுக்காரர் பயப்படட்டும் என்பான் இஃப்ஹாம்.
அரபியில் அந்தச் சொல் பிறந்தது
தோல் என்ற சொல்லின் வேரில்.
தமிழில் தேடினேன், அகப்படவில்லை.
கசையடி என்று எழுதி முத்திரை குத்தினேன்.

நஸ்லிம் போனை நீட்டினான்.
"உம்மா. வாசிச்சுச் சொல்லுங்க."
வாசித்தேன். வழக்கிலக்கம், திகதி, நூறு, ஐந்து.
அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்து ஓயும்வரை காத்திருந்தேன்.
"அல்லாஹ் விதிச்சதுன்டா நான் வாய் தொறக்க மாட்டன், மகள்.
மத்த ஆளுக்கு எத்தன?"

தாளைத் திருப்பினேன்.
மறுபடியும் முன்பக்கம்.
ஓர் ஆணின் பெயர் ஒரே இடத்தில் இருந்தது,
முறைப்பாட்டாளர் என்ற சொல்லுக்கு நேரே.
வசனத்தில் இருவர் இருக்கிறார்கள்.

கிழிந்த மூலைக்கும் மை அழிந்த வரிக்கும்
சதுர அடைப்புக்குள் நாங்கள் இடும் குறிப்பொன்று உண்டு.
அதைத்தான் சொன்னேன்:
"மூலத்தில் இல்லை."

"வெளங்கல்ல மகள், சத்தமாச் சொல்லுங்க."

கீழே இயந்திரம் சூடாகிக்கொண்டிருந்தது.
நஸ்லிம் இன்னும் இரண்டு பிரதி கேட்டான்.