பழுதின் காரணம்: மற்றவை

மாரண்டஹள்ளி தாண்டி மூன்றாவது கிலோமீட்டர்.
புகார்: மோட்டார் ஓடவில்லை.
பெயர் மாதம்மாள். ஐந்து எச்.பி. போர் எழுநூறு அடி.
சித்திரை, பகல் பதினொன்றே கால்.

வண்டியை நிறுத்துமுன்பே கத்துகிறாள்:
"இத்தினி வெயில் அடிக்குது, இன்னும் ஓடலன்னா எப்படி?"

அக்கா, பேனலுக்கு வெளிச்சம்தான் வேணும், சூடு ஆகாது.
இந்தச் சித்திரையைவிட
தை மாதத்துப் பதினொரு மணிதான் அதற்குப் பிடிக்கும்.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
தருமபுரியில் வெயில் ஒன்றுதான் தாராளம்,
அதிலும் குறை சொல்கிறானே என்று பார்ப்பார்கள்.

ஈரத்துணியால் ஒரு கண்ணாடியைத் துடைத்தேன்.
ரோட்டு மண், காக்கா எச்சம், செத்த தும்பி ஒன்று,
அடியில் நீலத் தகடு.
இதன்மேல் வெளிச்சம் விழும்போது
உள்ளே எதுவோ உட்கார்ந்த இடத்தை விட்டு எழுகிறது.
எழுந்தது வந்த வழியே திரும்ப முடியாது,
ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு.
கம்பி வழியாகச் சுற்றித்தான் வீடு சேர வேண்டும்.
அந்தச் சுற்றுப்பாதையில்
நாம் மோட்டாரைக் கட்டி வைத்திருக்கிறோம்.
ஐ.டி.ஐ.யில் இப்படிச் சொல்லித் தரவில்லை.
பத்து வருஷம் துடைத்துத் துடைத்து நானே கண்டுகொண்டது.

போன முறை வந்தது நிழலுக்காக.
பக்கத்து வரப்பு வாகையின் ஒரு கிளை
இரண்டே பேனலில் கை வைத்தது, பதினைந்தும் தளர்ந்தன.
ஒரே சரத்தில் கோத்தவை.
தஸ்தகீர் ஏறி வெட்டினான்.
மரத்துக்காரர் பேசாமல் நின்று பார்த்துவிட்டு
தழையை மட்டும் ஆட்டுக்கு அள்ளிப் போனார்.

பேனலுக்கு முந்தி
மும்முனைக் கரண்ட் இராத்திரி ஒன்றரைக்கு வரும்.
ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கழி,
எது குழாய் எது கட்டுவிரியன் என்று
பார்த்துப் பார்த்துப் போய் சுவிட்சைப் போட்டவள்.
"இப்பல்லாம் தூங்கறேன்ப்பா" என்றாள் முதல் வருஷம்,
நகையை மீட்டுவந்தவள் முகத்தோடு.

பகலெல்லாம் தண்ணீர்.
தக்காளிக்கு அப்புறம் கோஸ், கோஸுக்கு அப்புறம் சாமந்தி.
டீசல் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை,
அணைக்கிற நினைப்பும் இல்லை.
மேட்டுக்காட்டு நரசிம்மையா போட்டார்.
அவர் மச்சான் போட்டார்.
ஒரே கரட்டடியில் நாலு நீலக் கூரை.
மேலே நாலும் ஒரே சூரியனைப் பார்த்தன.
கீழே நாலும் ஒரே பாறை வெடிப்பில்
உறிஞ்சு குழல் போட்டிருந்தன.

கன்ட்ரோலரைத் திறந்தேன்.
வோல்ட் ஐநூற்றுச் சொச்சம். ஆம்பியர் சுழி.
சிவப்பு விளக்கு மூன்று முறை சிமிட்டி நிற்கிறது:
உலர் ஓட்டம்.
மோட்டார் எரிந்துபோகாமல்
தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. கெட்டிக்கார மோட்டார்.
தஸ்தகீர் நூலில் கல் கட்டி விட்டான்.
எங்களிடம் இருந்த நூல் தீர்ந்தது.
கல் நனையவில்லை.

"அப்ப பேனல்ல கோளாறு இல்லியா?"
இல்லை.
"மோட்டார்ல?"
இல்லை.

பேனல் நிழலில் படுத்திருந்த ஆட்டைக் காலால் நகர்த்தி
அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.
"கரண்ட்டு போறப்பல்லாம் திட்டுவேன்.
அது நின்ன நேரத்துலதான்
போரு மூச்சு வுட்டுக்கினு இருந்திருக்கு."

பையில் நோட்டீஸ் இருந்தது:
சொட்டுநீர், நேரக் கட்டுப்பாடு, மழைநீர்க் குழி,
சிரிக்கும் விவசாயி படம்.
எடுக்கவில்லை.

போனில் படிவம். பழுதின் காரணம், ஒன்றைத் தேர்ந்தெடு:
பேனல். கேபிள். கன்ட்ரோலர். மோட்டார். மற்றவை.
கடைசியைத் தொட்டேன்.
கண்ணாடித் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டாள்,
மாதம்மா வரைதான் இடம் இருந்தது.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன்.
உச்சி வெயில்.
பதினைந்து தகட்டிலும்
எதுவோ எழுந்து எழுந்து,
போக வழியில்லாமல்
அங்கேயே உட்கார்ந்துகொண்டிருந்தது.