அறுபது நொடி

பெர்கனில் இன்றும் மழை.
திரையில் தம்பி ஐவின்
வாய் பாதி திறந்தபடி உறைந்துபோனான்.
"அந்தப் பணம் விஷயமா நான்—"
அவ்வளவுதான்.
அலமாரி மேல் ரௌட்டரின்
நாலு பச்சை விளக்கில் ஒன்று
ஆரஞ்சாகிச் சிமிட்டியது.

மூன்று வாரமாக இதே கதை.
மீன்கடை ரசீதின் முதுகில் குறித்து வைத்தேன்:
செவ்வாய் ஏழு பன்னிரண்டு.
வியாழன் நாலு நாற்பது.
ஞாயிறு இரண்டு முறை, இரண்டும்
அவன் கடனைத் தொட்ட நேரம்.

வடக்கே வார்டோவில் இருக்கிறான்.
படகுக்கு எஞ்சின் வாங்க
என் சேமிப்பில் பாதியைக் கொண்டுபோனவன்.
"வலை அறுந்துபோச்சு சோல்வி" என்பான் மறுநாள்.
மீனவன் வாயில் அந்தச் சொல்
எந்த வலையைச் சொல்கிறது என்று
சட்டென்று பிடிபடாது.

நிறுவனத்துக்காரன் சொன்னான்:
அணையுங்கள், முப்பது எண்ணுங்கள், போடுங்கள்.
எண்ணினேன்.
கம்பியை மாற்றினேன்.
குளிர்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து பெயர்த்து
புத்தக அலமாரி உச்சியில்
குலசாமிபோல் உட்கார வைத்தேன்.
அப்படியும் அறுந்தது.

பிறகு பழியைக் கீழ்வீட்டின் மேல் போட்டேன்.
ஹால்டிஸ் மாலைதோறும்
மைக்ரோவேவில் மீன் சூப் சுடவைப்பாள்.
படியிறங்கிப் போய்ச் சொன்னேன்.
"ஐயோ, என் சூப்பா?" என்று
நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.
அன்றிரவு அவள் ஆறிய சூப்பைக் குடித்தாள்.
எட்டு மணிக்கு எனக்கு அறுந்தது.
இன்னும் அவளைப் படிக்கட்டில் பார்த்தால்
சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை, தூக்கம் வராமல்,
பெட்டியைக் கவிழ்த்து
அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைப் படித்து
அதன் உள்ளே போனேன்.
யாரும் கேட்காமலே
நாட்குறிப்பு எழுதி வந்திருக்கிறது அது:
ராடார் தென்பட்டது.
சேனல் நூறை விட்டு விலகினேன்.
அறுபது நொடி கேட்கிறேன்.
என் ரசீதின் நேரங்கள் அத்தனையும்
வரிசை பிசகாமல் அங்கே.

மலைக்கு அந்தப் பக்கம்
வானிலை ராடார் ஒன்று
மழையைத் துழாவிச் சுற்றுகிறதாம்.
அந்த அலைவரிசை அதனுடையது;
நம் பெட்டிகளுக்கு இரவல்.
உடையவன் குரல் கேட்டால்
இரவல் வாங்கியவன் எழுந்துகொள்ள வேண்டும்.
புது இடத்தில் அமருமுன்
ஒரு நிமிடம் வாய் மூடி
வேறு யாருடையதாவது இதுவென்று
காது கொடுக்க வேண்டும்.

பழுது என்று நான் திட்டியது
ஒரு கடனாளியின் நாணயம்.
கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.
ஆனாலும் மாற்றினேன். தானியங்கியை நீக்கி
சேனல் நாற்பத்திநாலு. சேமி. சரி.

ஞாயிறு. இருபது நிமிடம் ஓடியது, அறவில்லை.
காட் மீன் விலை சொன்னான்.
காற்றைச் சொன்னான்.
முழங்கால் வலியைக்கூடச் சொன்னான்.
பிறகு, "அந்தப் பணம் விஷயமா நான்—"

வாய் பாதி திறந்தபடி நின்றான்.

நான் அலமாரியை நிமிர்ந்து பார்த்தேன்.
நாலும் பச்சை.
அவன் பின்னால் ஜன்னலில்
ஒரு கடற்காகம் வந்து உட்கார்ந்து
இறக்கையை உதறிவிட்டுப் போனது.
படம் உறையவில்லை.
அவன்தான்.

"கேக்குதா? உன் பக்கம் லைன் சரியில்லையோ?"
கெஞ்சல் மாதிரி இருந்தது.
ஆமாம் என்றால் இருவருக்கும் தப்பிக்க வழி.
போன வாரம்வரை அதைத்தான்
எங்களுக்கு இலவசமாகத் தந்துகொண்டிருந்தது பெட்டி.

"நல்லாக் கேக்குது" என்றேன்.
வாய் மூடினேன்.
மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன்.
பத்து. இருபது.
அவன் கன்னத்தைச் சொறிந்தான்.
முப்பத்தைந்து.

நாற்பத்தொன்றில் சொன்னான்:
"படகை மார்ச்சிலேயே வித்துட்டேன்."

கீழ்வீட்டில் மைக்ரோவேவ்
டிங் என்றது.
நான் எண்ணுவதை இன்னும் நிறுத்தவில்லை.