வெளியேறிய நேரம்

குஞ்சப்பனை சாவடியில்
இன்னும் ஒருத்தி கேட்கிறாள்:
"பிளாஸ்டிக் ஏதாவது இருக்கா?"

மேட்டுப்பாளையம் எரிந்து பதினெட்டு நாள்.
பவானிப் பாலத்தில் நிற்கிறவர்கள்
நிற்கவில்லை, ஆடுகிறார்கள்,
காற்றில்லாத போதும்.
நடைப்பிணமே என்று
மேஸ்திரி என்னைத் திட்டிய காலம் உண்டு.
ஒரு வசவு
இப்படி எழுந்து வேலைக்குக் கிளம்பும் என்று
யார் கண்டது.

வளைவுகளில் யானை மிச்சம் வைத்த பலாச்சுளையை
மண்ணோடு தின்று மேலே வந்தேன்.
இடது முழங்கையில் துண்டு.
துண்டுக்குள் நான்கு பல் ஆழம்.

அவள் கழியை உயர்த்தினாள்,
நுனியில் கல் கட்டிய மூங்கில் கழி.
என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிச்
சாக்கில் போட்டாள்.
நூறு பாட்டில் இருக்கும் அதில்,
என்றோ வரப்போகிற லாரிக்காக.
பதிலுக்கு ஒரு எவர்சில்வர் சொம்பு.
"திரும்பிப் போறப்ப கொடுத்திடுங்க."

திரும்பிப் போறப்ப.

பெயர் மிச்சி என்றாள்.
மிச்சம் என்று காதில் விழுந்தது.
முப்பது வயதிருக்கும். அடையாள அட்டையை
இன்னும் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

"கையில என்ன?"
"முள்."
"உண்ணிச்செடியா? அது பொல்லாதது"
என்று மஞ்சள் குழைக்கப் போனாள்.
அவிழ்த்துக் காட்டு என்று சொல்லவில்லை.
பதிவேட்டில் எழுதினாள்:
வாகனம், நடை. பிளாஸ்டிக், ஒன்று.
காயம், முள்.

எனக்குக் கோபம்தான் வந்தது.
கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
கேட்டால், மழைக்கு ஒதுங்க வர்றவங்க
தட்டிக்கிட்டு நிக்கணுமா என்கிறாள்.
ஆறு பூட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த
அரிசி மண்டிக்காரரை
உள்ளே இருந்த மச்சானே தின்றதை
நான் ஜன்னல் வழியே பார்த்தவன்.
இவள் எப்படி இன்னும்?

இரவு அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும்.
அப்புறம் தூங்கிவிட்டாள்,
எனக்கு முதுகைக் காட்டி,
குறட்டை வேறு.
என்ன சத்தம்! கோத்தகிரி வரை கேட்கும்.
பதறி எழுந்து கதவடியில் உட்கார்ந்தேன்,
எதுவும் உள்ளே வந்துவிடாதபடி.
வந்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டதே,
அதை என்ன செய்ய.

முழங்கை சில்லிட்டது. பிறகு தோள்.
நாக்கில் பழைய காசின் ருசி.
அவள் கழுத்தில் ஒரு நரம்பு
ஏறி இறங்குவது தெரிந்தது,
தெரியவே கூடாத இருட்டில்.

கைக்கு ஒரு வேலை கொடுக்கப்
பதிவேட்டைப் புரட்டினேன்.
விளக்கில்லாமலே படிக்க முடிந்தது.

ஆரோக்கியம், காரமடை. காயம், முள்.
சஹர்பானு, செவிலியர், சிறுமுகை. கண்ணாடி கிழித்தது.
பெயர் சொல்லாத ஒருவர். நாய்.
இன்னொரு முள். இன்னொரு முள்.
எல்லாம் அவள் கையெழுத்து, குண்டு குண்டாக,
ஒரு கேள்விக்குறி இல்லாமல்.

கடைசிக் கட்டம் மட்டும் அவளுடையதல்ல.
வெளியேறிய நேரம்:
3.10. 2.50. 4.25.
ஆளுக்கொரு கிறுக்கல்.
ஒன்று பாதியில் இழுபட்டு
தாளைக் கிழித்திருந்தது.
எல்லாம் விடியுமுன்.

மாலையில் அலுத்துக்கொண்டாளே,
"சோறு கட்டுறதுக்குள்ள கிளம்பிடுறாங்க.
எல்லாருக்கும் என்ன அவசரமோ."

சொம்பைக் கழுவி,
கவிழ்ந்திருந்த மற்றவற்றின் பக்கத்தில்
கவிழ்த்தேன்.
சுவர்க் கடிகாரம் பார்த்து
3.40 என்று எழுதினேன்.
நான்கு எப்படி வளையும் என்று
விரல் கொஞ்சம் யோசித்தது.

பேனாவைச் சட்டைப்பையில் செருகப் போனேன்,
பழக்கதோஷம்.
வரவில்லை.
மேசைக்காலோடு நூல் போட்டுக் கட்டியிருக்கிறாள்.
விட்டால் வருகிறவர்கள்
எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம்.