மேற்கண்ட எதுவுமில்லை

கம்பிவடத்தில் தொங்கும் பெட்டி
மேலே போய்ச் சேர நான்கு நிமிடம்.
பாடம் ஒன்றுக்கு ஆறு.
ஆகவே சியாத்துராவில்
எந்தப் பாடத்தையும் நான்
ஒரே மூச்சில் கேட்டதில்லை.
மணி மூன்று முறை அடித்தால்
நெம்புகோலை இழுக்க வேண்டும்.
யாரோ ஒரு பேராசிரியை
வாயைத் திறந்தபடி உறைந்துபோவாள்
கீறல் விழுந்த என் கைப்பேசியில்.

காசு கேட்கவில்லை,
முதல் சந்தேகமே அதுதான்.
பெயர் கேட்டது: லம்சீரா.
கடைசியாக என்ன படித்தீர்கள் என்ற கட்டத்தில்
'வடப்பெட்டி, கீழ் நிலையம், பத்தொன்பது ஆண்டு'
என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.

முதல் குளிர்காலம் வரலாறு.
யார் யாரோ தோண்டிய சுரங்கங்கள்,
எங்கெங்கோ நடந்த வேலைநிறுத்தங்கள்.
பக்கத்தில் ஆங்கிலம்–ஜார்ஜியம் அகராதி,
அதன் மேல் என் ரொட்டி.
மதிய ஷிஃப்டுக்கு ஏறும் வாஜா
ஹீட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பான்.
கால்பந்து பார்க்கிறேன் என்று நினைப்பு அவனுக்கு.
"இன்றைக்கு யார் ஜெயித்தது?"
"முதலாளி" என்றேன் ஒருநாள்.
"எத்தனைக்கு எத்தனை?" என்றான்.

பிறகு சமூகம். அதைப் பாதியில் விட்டேன்.
'வேலை உடம்பில் எழுதுவது' என்றொரு பாடம்;
தாதுத் தூசியில் கிடந்தவனின் கையெழுத்தைக் காட்டினார்கள்.
வரி போகப் போக எறும்பாகச் சிறுத்தது.
என் அண்ணன் ஜும்பேர்
போன மாதம் எழுதித் தந்த மளிகைச் சீட்டு
அப்போது என் கோட்டுப் பையில் இருந்தது.
எடுத்துப் பார்க்கவில்லை.
மணி அடித்தது, நல்லவேளை.

அறிவியலில் எழுபத்தொன்று வாங்கினேன்.
ஊரே தின்று வாழும் இந்தக் கறுப்புக் கல்
ஒருகாலத்தில் கடலடிச் சேறாம்.
கடல் போய்விட்டது,
தரை மட்டும் மலையுச்சியில் தங்கிவிட்டது.
அன்று மாலை முழுக்க
கதவைச் சாத்திச் சாத்தி அனுப்பினேன்,
தலைவிளக்கோடு ஆட்கள்
கடலடிக்கு ஏறிப் போனார்கள்.

கடைசியாகச் சுற்றுச்சூழல். மூன்றாம் வாரம், ஆறுகள்.
'உங்களுக்கு அருகில் உள்ள ஆற்றுக்குச் சென்று
நீரின் நிறத்தைக் குறிக்கவும்:
தெளிவு. பச்சை. பழுப்பு. மேற்கண்ட எதுவுமில்லை.'

எங்கும் செல்ல வேண்டியதில்லை எனக்கு.
க்விரிலா என் கண்ணாடிக்குக் கீழேதான் ஓடுகிறது,
தாது கழுவிய தண்ணீரோடு.
கடைசியைத் தொட்டேன்.
'தவறு. மீண்டும் முயல்க.'
மீண்டும் முயன்றேன்.
ஆறும் மீண்டும் முயன்றது, அதே நிறத்தில்.
பழுப்பு என்று ஒரு பொய் சொன்னால்
நான்காம் வாரம் திறக்கும்.

கீழே பொடி எழுத்தில்:
'கேள்வியில் பிழையா? எழுதுங்கள்.'
மூன்று பெட்டி போய்வரும் நேரம் அகராதி புரட்டி
ஒரே வாக்கியம் எழுதினேன்:
ஐயா, ஆறு கறுப்பு.
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி
ஒரு படமும் எடுத்து அனுப்பினேன்.

பதினோராம் நாள் பதில் வந்தது.
நன்றி, லம்சீரா. திருத்திவிட்டோம்.
திறந்து பார்த்தேன்:
பழுப்புக்குக் கீழே புதிதாய் ஒரு வட்டம்,
கறுப்பு.

இவ்வளவு சுலபமா?
உலகத்தில் எங்கோ
மீன் துள்ளும் கரையில் உட்கார்ந்திருப்பவள்
அந்த வட்டத்தைப் பார்த்துச் சிரிப்பாள்,
இப்படியும் ஒரு ஆறா என்று.
சிரிக்கட்டும். பிறகு கேட்கட்டும்.
கேள்வியைத் திருத்தப் பதினோரு நாள் ஆனது;
ஆற்றுக்கு எத்தனை என்று
எந்தப் பாடத்திலும் இல்லை.

நான்காம் வாரத்தை நான் திறக்கவில்லை.
பாதியில் விட்டதற்குத் திரும்பிப் போனேன்.
இரவு சாப்பாடு முடிந்ததும்
ஜும்பேரிடம் ஒரு தாளும் பேனாவும் வைத்து
உன் பெயரை ஐந்து முறை எழுது என்றேன்.
எதற்கு என்று கேட்டான்.
வீட்டுப்பாடம் என்றேன்.

முதல் பெயர் பளிச்சென்று இருந்தது.
ஐந்தாவதைப் படித்து முடிக்க
ஒரு பெட்டி மேலே போய்ச் சேரும் நேரம் ஆனது.