ஐந்து டன்

எண்ணூறு மீட்டர் காகசஸ்
லமாராவின் தலைக்கு மேல்.
அவ்வளவும் இறங்கினால் எந்த இரும்பும் தாங்காது.
அவ்வளவும் இறங்காது.
குடைந்த வெற்றிடத்தைச் சுற்றித் தோளோடு தோள் கொடுத்து
மலை தன்னைத் தானே சுமந்துகொள்ளும்.
பிடி விட்ட கொஞ்சம் மட்டுமே நம் பங்கு.

எவ்வளவு கொஞ்சம் என்று சொல்லத்தான்
அவளுக்குச் சம்பளம்.

வெடித்து அரைமணி. புகை இன்னும் கலையவில்லை.
ஸ்வியாத் கடப்பாரையால் கூரையைத் தட்டிக்கொண்டே வருகிறான்:
கணீர். கணீர். கணீர்.
பொத்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை,
எல்லோரும் ஓரடி நகர்ந்து நிற்கிறார்கள்.
அவள் பிளவுகளின் சாய்வை அளக்கிறாள்.
ஒன்றில் கத்திமுனை நுழைந்து
களிமண்ணோடு வெளியே வருகிறது.

வெளியே, தகரக் கொட்டகையில்,
துளைத்தெடுத்த பாறைத் தண்டுகள் பெட்டி பெட்டியாக.
பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த துண்டு
கணக்கில் சேராது.
மீட்டருக்குப் பாதிகூடத் தேறவில்லை.
அகலம் பத்து, உயரம் எட்டு, கூட்டினால் பதினெட்டு.
அதை எதனால் பெருக்குவது?
அட்டவணை காலிலிருந்து ஒன்றுக்கு மேல்வரை
கையை அகல விரித்துக் காட்டிவிட்டு
வாயை மூடிக்கொள்கிறது.
'பொத்' என்பதற்கு அதில் கட்டமே இல்லை.

ஆறு மீட்டர் சொச்சம் தளர்ந்த பாறை,
சதுர மீட்டருக்குப் பதினாறு டன்,
மீட்டருக்கு ஓர் எஃகு வளைவு
என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"ஒன்றரை மீட்டருக்கு ஒன்று போதாதா?" என்றார் ஓதார்,
"துருக்கியிலிருந்து வருகிற இரும்பு.
லாரிக்கு என்ன ஆகிறது தெரியுமா?"
தெரியும்.
அவள் அழிப்பானைத் தேடவில்லை.

நாற்பது நாள் கழித்து
வளைவின் காலடியில் பதித்த அளவி
பதினொன்றில் நின்றது. ஏறவில்லை.
ஓதார் சிரித்தார்:
"ஐந்து டன் அதிகமாகப் பயந்திருக்கிறாய், பெண்ணே!"

இருக்கலாம்.
அந்த ஐந்து டன்னுக்குக் கீழே
காற்றுக்குழாய்மேல் உட்கார்ந்து
ஸ்வியாத் ரொட்டியைப் பிய்க்கிறான்,
அவித்த முட்டையைத் தலைக்கவசத்தில் தட்டி உடைக்கிறான்,
உப்புப் பொட்டலத்தை யாரிடமோ கேட்டுக் கத்துகிறான்.
ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை.

அவள் பார்த்தாள்.
ஏழாம் வளைவுக்கும் எட்டாம் வளைவுக்கும் நடுவே
உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.
நேற்று அது அங்கே இல்லை.