மணிக்குக் கட்டமில்லை

படிவத்தில் பெயர் உண்டு, எந்தக் கை என்பது உண்டு,
எந்தக் கத்தி, எத்தனை தையல்.
வெட்டுப்பட்ட மணியை எழுதக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்துவைக்கிறேன்
மூன்று வருஷமாக.

புவெர்ட்டோ மோன்ட். சால்மன் ஆலை, முதலுதவி அறை.
ஜன்னலில் மழை.
இங்கே மழை ஒரு சேதியே இல்லை.

அரோல்தோவுக்கு வெட்டுப்பட்டது பகல் பதினொன்றுக்கு.
ஒத்தீலியாவுக்கு நடுச்சாமம் தாண்டி இரண்டரைக்கு.
ஒரே வகைக் கத்தி, இருவருக்கும் இடது பெருவிரல்,
தைத்ததும் இந்தக் கைதான்.
ஒன்பதாம் நாள் அவன் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு
கித்தாரைத் தேடிப் போனான்.
அவளுக்குப் பதினெட்டாம் நாளும் ஓரம் சிவந்து
தொட்டால் சுட்டது.

கையுறையை மாற்றுங்கள் என்றார் மேற்பார்வையாளர்.
மாற்றினோம்.
பென்சில் எண்கள் அசையவில்லை.

உடம்புக்குள்ளும் முறைவைத்துத்தான் காவல்.
வெள்ளணுக்கள் சில பொழுது தெருவில்,
சில பொழுது எலும்பின் உள்ளறையில்.
தோலைக் கட்டும் கொத்தர்கள்
விடிந்தால் சாரம் ஏறுவார்கள்,
இருட்டினால் கரண்டியைக் கழுவிவைப்பார்கள்.
மூளையடியில் அரிசி அளவு ஒரு மணிக்கூண்டு,
வெளிச்சத்தைப் பார்த்து முள் திருப்பும்.
ஆலையின் குழல்விளக்கு அதனிடம் பொய் சொல்கிறது.
அது பாதி நம்பும்.
கல்லீரல் அதையும் கேட்காது,
ரொட்டி வரும் நேரம்தான் அதற்கு நேரம்.
ஒரே உடம்பில் நாலு ஊர்க் கடிகாரங்கள்.
கிருமிக்குக் கதவு தட்டத் தேவையிருக்கவில்லை.

ஏப்ரலில் ஐஸ் பெட்டியில் வந்தது
சளிக்காய்ச்சல் தடுப்பூசி.
நிர்வாகம் நேரம் குறித்தது: காலை ஏழு,
இரவுமுறை முடிகிறபோது, வேலை கெடாமல்.
ஒத்தீலியா சட்டைக்கையைச் சுருட்டி நின்றாள்.
ரப்பர் பூட்ஸில் செதில்கள்.

காலையில் போட்டால் நன்றாகப் பிடிக்கும் என்று
எங்கோ படித்திருக்கிறேன்.
யாருடைய காலை?

"உன் ரத்தத்துக்கு இப்போ மணி என்ன?"
கேட்டபின் எனக்கே கூச்சமாக இருந்தது.
அவள் சிரிக்கவில்லை. யோசித்தாள்.
"தெரியலை நெலிதா.
கோழியை நான் எழுப்புறேனா,
கோழி என்னைத் தூங்கவைக்குதான்னே
தெரியலை."

போட்டேன்.
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியேறினாள்.
வளைகுடாமேல் வெளிச்சம் பரவ
தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு
பேருந்துக்கு நடந்தாள்.

அட்டையின் ஓரத்தில் எழுதினேன்: ஏழு இருபது.
பிறகு அதை அடித்துவிட்டு
ஒரு கேள்விக்குறி.
அடுத்த ஆள் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்,
கொட்டாவியோடு.